வெட்டியவர் பிணையில் வந்துவிட்டால் வழக்கு முடிந்ததா?

வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். பெரும்போக வயலுக்குள் மாடு இறங்கிய சண்டையில் அவருடைய மாமாவுக்கு மண்வெட்டியால் வெட்டு விழுந்து, முன்கை எலும்பு முறிந்திருக்கிறது. வெட்டியவரைப் பொலிஸ் பிடித்தது. களுவாஞ்சிகுடி நீதவான் 14 நாள் விளக்கமறியல் போட்டார். அடுத்த தவணையில் பிணை கொடுத்துவிட்டார். அந்த மனிதர் இப்போது சந்திக் கடையில் நின்று பிளேன்டீ குடிக்கிறாராம். "குற்றம் செய்தவனை வெளியில் விடுவதென்றால் நீதிமன்றம் எதற்கு? காசு கொடுத்து வந்துவிட்டான் என்று ஊரெல்லாம் சொல்கிறது. குற்றவியல் நீதி என்கிறார்களே, அது உண்மையில் எப்படித்தான் ஓடுகிறது?" இதுதான் கேள்வி.

மட்டக்களப்பு, கல்முனை நீதிமன்றங்களில் நீண்ட காலம் சட்டத்தரணியாக நின்றவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஊர்க்கதைக்குப் பதில். பிணையில் வந்தவர் விடுதலையானவர் இல்லை. வழக்கு அப்படியே இருக்கிறது, தவணைக்குத் தவணை அவர் வந்து கூண்டில் ஏறியே ஆகவேண்டும். வராவிட்டால் பிடியாணை. கையெழுத்து வைத்த பிணையாளிகளையும் கூப்பிட்டு, சொன்ன தொகையைக் கட்டு என்பார்கள். காசு கொடுத்து வந்தார் என்பதில் ஒரு பாதி உண்மை இருக்கலாம். காசுப் பிணை என்று நீதிமன்றம் ஒரு தொகையைக் கட்டச் சொல்லும். பற்றுச்சீட்டு தருவார்கள். அந்தக் காசு நீதிமன்றக் கணக்கில் கிடக்கும், ஒழுங்காக எல்லாத் தவணைக்கும் வந்தால் வழக்கு முடிந்ததும் கட்டியவர் கைக்கே திரும்பும். நீதிமன்றக் கருமபீடத்தில் பகிரங்கமாகக் கட்டிய காசு சந்திக் கடைக்கு வந்து சேர்வதற்குள் இலஞ்சமாகிவிடுகிறது.

உங்கள் கோபத்துக்கு இன்னொரு காரணம் இருக்கிறது. மாமாவுக்குத்தான் வெட்டு, ஆஸ்பத்திரியில் கிடந்ததும் அவர்தான், வேளாண்மையை விட்டவரும் அவர்தான். ஆனால் சட்டப்படி வழக்காளி அவர் இல்லை. நீதவான் நீதிமன்றத்தில் வழக்கை வைப்பவர் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி. மேல் நீதிமன்றத்துக்குப் போனால் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபர். மாமா முதலாம் சாட்சி, அவ்வளவுதான். காணி வழக்கு, கடன் வழக்கு என்றால் வழக்கைப் போடவும் விடவும் உங்களுக்கே அதிகாரம் உண்டு. குற்ற வழக்கில் அப்படியில்லை. இரண்டு குடும்பமும் மாறி மாறி வெட்டிக்கொண்டே போகாமல் இருக்க, தண்டிக்கும் உரிமையை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. இவ்வளவு பெரிய அதிகாரம் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்பது கிழக்கில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதனால்தான் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பிடிப்பவர் ஒருவர், உள்ளே வைக்கலாமா என்று தீர்மானிப்பவர் வேறொருவர், என்ன குற்றம் சாட்டுவது என்பதைப் பார்ப்பவர் இன்னொருவர், விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர் வேறு, தண்டனை பெற்றவரைக் காவலில் வைத்திருப்பது வேறு திணைக்களம். ஒருவர் செய்ததை அடுத்தவர் சரியென்று ஏற்றுக்கொள்ளவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குற்றவியல் நீதி முறைமை என்பது இந்த ஏற்பாடு முழுவதும்தான்.

இலங்கையில் இதற்கான சட்டங்கள் பழையவை. எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்று சொல்வது 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை. எதைச் சான்றாக எடுக்கலாம் என்று சொல்வது 1895 ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம். வழக்கை எப்படி நடத்துவது என்பது 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே 1978 அரசியலமைப்பு. அதன் 13 ஆம் உறுப்புரை, குற்றவாளி என்று நிரூபிக்கும்வரை ஒருவர் சுற்றவாளி, அதாவது குற்றமற்றவர், என்கிறது. சந்திக் கடையில் தேநீர் குடிக்கும் அந்த மனிதர் இப்போது நிற்பது இந்த உறுப்புரையின் நிழலில்.

சரி, வழக்கு ஓடும் வழிக்கு வருவோம். எல்லாவற்றிலும் முக்கியமானது முதல் நாள். பெரிய சட்டத்தரணி வந்து வாதாடி வென்றார் என்று ஊர் பேசும் வழக்குகளில் பலவற்றின் முடிவு முதல் 24 மணித்தியாலத்திலேயே எழுதப்பட்டுவிடுகிறது. சம்பவம் நடந்ததும் பொலிஸில் கொடுக்கும் முதல் முறைப்பாடு புத்தகத்தில் நேரத்தோடு பதிவாகும். அதில் என்ன சொன்னீர்களோ அதுதான் உங்கள் அடித்தளம். எங்கள் ஆட்கள் இங்கே ஒரு காரியம் செய்வார்கள். வெட்டியவர் ஒருவராக இருப்பார், ஆனால் கோபத்தில் அவருடைய தம்பி, மச்சான், மாமன் எல்லோரையும் சேர்த்து "ஐந்து பேர் வந்து வெட்டினார்கள்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஐந்து பேரையும் உள்ளே தள்ளலாம் என்று நினைப்பு. மூன்று வருடம் கழித்து குறுக்கு விசாரணையில் எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், சட்டத்தரணி மெதுவாகக் கேட்பார்: ஐந்து பேரும் எந்தப் பக்கம் நின்றார்கள், யார் கையில் என்ன இருந்தது, ஐந்து பேர் வெட்டியும் ஏன் ஒரே ஒரு காயம்? சாட்சி தடுமாறுவார். பொய்யாகச் சேர்த்த நான்கு பேரோடு உண்மையில் வெட்டியவரும் வெளியே போய்விடுவார். கண்டது எதுவோ அதை மட்டும் சொல்லுங்கள். காணாததைக் காணவில்லை என்று சொல்வதால் வழக்கு கெடாது.

முறைப்பாட்டுக்கு அடுத்தது வைத்தியர். காயத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அங்கிருக்கும் பொலிஸ் காவலரணில் பதிவு நடக்கும், சட்ட வைத்திய அதிகாரி காயத்தைப் பார்த்து அறிக்கை எழுதுவார். எத்தனை காயம், எந்த இடத்தில், வெட்டுக் காயமா அடிகாயமா, எலும்பு முறிந்ததா. சாதாரண காயமா பாரதூரமான காயமா என்பதைப் பொலிஸோ ஊரோ முடிவு செய்வதில்லை, இந்த அறிக்கைதான் முடிவு செய்யும். எலும்பு முறிந்தால் சட்டப்படி அது பாரதூரமான காயம். சாதாரண காயத்துக்குச் சட்டக்கோவை சொல்லும் சிறைத்தண்டனை ஒரு வருடம் வரை. பாரதூரமான காயத்துக்கு 7 வருடம் வரை, அதையே வெட்டும் ஆயுதத்தால் செய்தால் 10 வருடம் வரை. கொல்லும் எண்ணத்தோடு வெட்டினார் என்று காட்ட முடிந்தால் கொலை முயற்சி, அது 20 வருடம் வரை போகும். ஒரே மண்வெட்டிதான். எங்கே விழுந்தது, எத்தனை தடவை விழுந்தது, வெட்டும்போது என்ன சொன்னார் என்பதை வைத்துக் குற்றத்தின் பெயர் மாறுகிறது. வீட்டிலே மஞ்சள் கட்டிவிட்டு நான்கு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனால், இந்த வித்தியாசத்தைக் காட்ட எந்த வைத்தியராலும் முடியாது.

பிடிபட்டவர் பக்கத்தையும் பார்க்கவேண்டும். நாளைக்கு உங்கள் வீட்டுப் பிள்ளை அந்த இடத்தில் நிற்கலாம். கைது செய்யும்போது என்ன காரணத்துக்காகக் கைது என்று சொல்லவேண்டும். சாதாரண குற்றங்களில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோகவேண்டும், பயண நேரம் இதில் சேராது. அவருடைய நலனைப் பார்க்க சட்டத்தரணி ஒருவர் பொலிஸ் நிலையத்துக்கே போகலாம். 2012 இல் இதற்கென்று விதிகளே வந்தன. அடித்தால் அது தனிக் குற்றம். 1994 ஆம் ஆண்டின் சித்திரவதைக்கு எதிரான சட்டத்தில் குறைந்த தண்டனையே 7 வருடம்.

நீதவான் முன் பொலிஸார் "பி அறிக்கை" என்று ஒன்றை வைப்பார்கள். இன்னார் இன்ன சம்பவத்தில் சந்தேகநபர், விசாரணை இன்னும் முடியவில்லை என்பதுதான் அதன் சாரம். இந்தக் கட்டத்தில் நீதவான் யார் வெட்டினார் என்று விசாரிப்பதில்லை. இந்த ஆளை இப்போது உள்ளே வைக்கவேண்டுமா வேண்டாமா என்பது ஒன்றுதான் அவர் முன்னால் உள்ள கேள்வி. 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டம் வந்த பிறகு பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விலக்கு. மறுப்பதற்குக் காரணம் வேண்டும்: ஓடிவிடுவார், சாட்சிகளை மிரட்டுவார், வெளியில் வந்து இன்னொரு குற்றம் செய்வார், அல்லது அவர் வெளியில் வந்தால் ஊர் கொந்தளிக்கும். முதல் 14 நாளும் ஊர் ஆறுவதற்காகவும், பொலிஸ் வாக்குமூலங்களை எடுத்து முடிப்பதற்காகவும் இருந்திருக்கும். அதைத் தண்டனையாக எண்ணவேண்டாம். தண்டனையின் முதல் தவணையும் இல்லை. உங்கள் மாமா உயிர் தப்பியதால்தான் நீதவான் பிணை கொடுக்க முடிந்தது. அவர் இறந்திருந்தால் வழக்கு கொலையாகியிருக்கும். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றங்களில் நீதவானால் பிணை கொடுக்க முடியாது, மேல் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும்.

போதைப்பொருள் வழக்குகளில் நிலைமை இன்னும் இறுக்கம். ஹெரோயின் 2 கிராமும் அதற்கு மேலும் என்றால் மரண தண்டனை அல்லது ஆயுள் என்று சட்டம் சொல்கிறது. 2022 இல் 'ஐஸ்' என்ற போதைப்பொருளும் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. இன்று எங்கள் மாவட்டத் தாய்மார் சிறை வாசலில் காத்து நிற்பது பெரும்பாலும் இந்த வழக்குகளுக்காகத்தான்.

நாட்டின் சிறைகளில் இருப்பவர்களில் கூடுதலானோர் தண்டனை பெற்றவர்கள் இல்லை, விளக்கமறியலில் இருப்பவர்கள். மட்டக்களப்புச் சிறைக்கு வெளியே சனிக்கிழமை சாப்பாட்டுப் பொதியோடு நிற்பவர்களைக் கேட்டுப்பாருங்கள், பாதிப்பேருக்கு வழக்கே இன்னும் தொடங்கியிருக்காது. பிணைச் சட்டம் 12 மாதம் என்று ஓர் எல்லை போட்டிருக்கிறது. சட்டமா அதிபர் கேட்டால் மேல் நீதிமன்றம் ஒரு தடவையில் 3 மாதத்துக்கு மேற்படாமல், மொத்தமாக இன்னும் 12 மாதம் வரை நீட்டலாம். ஆனால் பிணைக்கென்று தனி ஏற்பாடு வைத்திருக்கும் சட்டங்களுக்கு இது பொருந்தாது. பயங்கரவாதத் தடைச் சட்டம் அவற்றில் ஒன்று. பிணை கிடைத்தும் உள்ளேயே கிடப்பவர்களும் உண்டு. பிணையாளி கிடைக்கமாட்டார், அல்லது அவருக்குக் கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுக்க இரண்டு நாள் அலையவேண்டும், அல்லது காசுப் பிணைக்குக் காசு இருக்காது. வசதியுள்ளவருக்குப் பிணை என்பது ஒரு மணித்தியால வேலை, கூலிக்காரனுக்கு ஒரு மாதம். இதில் ஊர் சொல்லும் குறை நியாயமானது.

நீதவான் நீதிமன்றம் தானே விசாரித்துத் தீர்க்கும் வழக்குகள் ஏராளம்: கசிப்பு, சிறு களவு, சாதாரண காயம், வாகன விபத்து, அனுமதிப்பத்திரம் இல்லாமல் மண் ஏற்றியது. நீதவான் போடக்கூடிய சிறைத்தண்டனைக்குப் பொதுவாக 2 வருடம்தான் எல்லை. இங்கே வழக்கை நடத்துவதும் பொலிஸ்தான். விசாரித்தவரின் சக உத்தியோகத்தரே எழுந்து நின்று வழக்கை நெறிப்படுத்துவார். எனக்கு இது என்றைக்குமே பிடித்ததில்லை. தன் நிலையத்து விசாரணையில் ஓட்டை இருக்கிறது, இதைத் தொடரவேண்டாம் என்று சொல்லும் மனம் எத்தனை பேருக்கு வரும்?

கொலை, கொலை முயற்சி, பாலியல் வல்லுறவு, பெருந்தொகைப் போதைப்பொருள் போன்றவை மேல் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். நடுவில் இருப்பது சட்டமா அதிபர் திணைக்களம். பொலிஸ் சேர்த்த கோவை கொழும்பு புதுக்கடைக்குப் போகும். அங்கே ஓர் அரச சட்டவாதி வாக்குமூலங்கள், வைத்திய அறிக்கை, இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிக்கை எல்லாவற்றையும் படித்து, என்ன குற்றம் சாட்டலாம், யார்மேல் சாட்டலாம், சாட்டத்தான் வேண்டுமா என்று முடிவு செய்வார். அதற்குப் பிறகுதான் குற்றப்பத்திரம் மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை மேல் நீதிமன்றங்களில் ஒன்றுக்கு வந்துசேரும். "சட்டமா அதிபரின் ஆலோசனை இன்னும் வரவில்லை" என்ற ஒரு வரிக்காகத் தவணைக்குத் தவணை மட்டக்களப்புக்கும் களுவாஞ்சிகுடிக்கும் பஸ் ஏறியவர்களுக்கு இந்தக் கட்டம் நன்றாகத் தெரியும். தாமதம் என்று நாங்கள் நீதிமன்றத்தைத் திட்டுவோம். பல வழக்குகளில் கோவை நீதிமன்றத்திலேயே இருக்காது.

சட்டமா அதிபரின் அதிகாரம் எவ்வளவு பெரியது என்பதற்கு எங்கள் ஊர் உதாரணமே இருக்கிறது. 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையின்போது மட்டக்களப்பு மரியாள் பேராலயத்துக்குள் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். கைதுகள் நடந்தன, மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தில் வழக்கும் போடப்பட்டது. வழக்கு பெரும்பாலும் தங்கியிருந்த குற்ற ஒப்புதல் வாக்குமூலங்களைச் சான்றாக எடுக்க முடியாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. வழக்கைத் தொடரப்போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு அறிவித்தது. 2021 ஜனவரியில் எதிரிகள் விடுவிக்கப்பட்டார்கள். ஒரு தேவாலயம் நிறையச் சனம் இருந்த இடத்தில் நடந்த கொலைக்கு இன்றுவரை யாரும் தண்டனை பெறவில்லை. யார் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை, நீதிமன்றம் விடுவித்தவர்களை விடுவிக்கப்பட்டவர்களாகத்தான் பார்க்கவேண்டும். வாக்குமூலத்தை மட்டும் நம்பிக் கட்டிய வழக்கு, அந்த வாக்குமூலம் விழும்போது கூடவே விழும். நான் சொல்ல வருவது அது.

இந்த ஒப்புதல் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். "பொலிஸில் ஒத்துக்கொண்டுவிட்டான்" என்று பத்திரிகையில் வந்ததுமே வழக்கு முடிந்தது என்று நினைக்கிறோம். சாதாரண சட்டத்தில் பொலிஸ் உத்தியோகத்தரிடம் சொன்ன குற்ற ஒப்புதலை எதிரிக்கு எதிராக நிரூபிக்கவே முடியாது. 1895 இலேயே அப்படித்தான் எழுதிவைத்தார்கள். பூட்டிய அறைக்குள் ஒரு மனிதனிடமிருந்து ஒப்புதல் எப்படி வரும் என்று அந்தக் காலத்து ஆட்களுக்கே தெரிந்திருக்கிறது. ஆனால் ஒரு சின்ன வாசல் திறந்திருக்கிறது. "மண்வெட்டியை வாடிக்குப் பின்னால் வைக்கோலுக்குள் மறைத்தேன்" என்று அவர் சொல்லி, பொலிஸ் போய் அங்கேயே எடுத்தால், அந்தப் பொருளைக் கண்டுபிடிக்க வழிசெய்த அளவு கூற்றைச் சான்றாக வைக்கலாம். "அதால்தான் வெட்டினேன்" என்ற பகுதியை வைக்க முடியாது. இரண்டையும் பிரித்தெடுப்பதற்காகவே மேல் நீதிமன்றத்தில் அரை நாள் வாதம் நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் இந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் சொன்ன ஒப்புதல் செல்லும், அது மிரட்டி வாங்கியது என்றால் அப்படி என்று காட்டவேண்டியது எதிரியின் பாடு. சிங்கராசா வழக்கு என்று சட்டம் படிப்பவர்கள் எல்லோரும் படிப்பது எங்கள் மாவட்டத்தவர் ஒருவருடைய வழக்கைத்தான். 1993 இல் பிடித்தார்கள். சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒப்புதல் வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம். அவருக்குச் சிங்களம் தெரியாது. 1995 இல் 50 வருடத் தண்டனை, மேன்முறையீட்டில் அது 35 ஆனது. 2004 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று சொன்னது. அந்த முடிவு இந்த நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று 2006 இல் நாட்டின் அதியுயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. பொலிஸ், வழக்குத் தொடுப்பவர், நீதிமன்றம் என்று எல்லாப் படியும் இருந்தும், நடுவில் ஒரு பாதுகாப்பை உருவிவிட்டால் மிச்சப் படிகள் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இதிலிருந்து மொழிக்கு வரலாம். வடக்கு கிழக்கு நீதிமன்றங்களில் தமிழில் வழக்கு நடக்கவும் பதிவு செய்யவும் அரசியலமைப்பே வழி சொல்கிறது. மட்டக்களப்பு, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று எல்லாம் அப்படித்தான். அம்பாறை நகரில் சிங்களம், மொழிபெயர்ப்பாளர் வைத்துத் தருவார்கள். சிக்கல் பொலிஸ் நிலையத்தில்தான் வருகிறது. தமிழில் சொன்னதை உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதி, வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்குவது இன்றும் நடக்கிறது. விளங்காத மொழியில் கையெழுத்து வைக்கவேண்டாம். தமிழில் எழுதக்கூடிய ஒருவர் வரும்வரை இருந்து எழுதுவியுங்கள். அரை நாள் போகும், போகட்டும்.

மேல் நீதிமன்ற விசாரணையில் நிரூபிக்கும் சுமை முழுவதும் அரச தரப்பில். நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கவேண்டும். எதிரி வாயே திறக்காமல் இருக்கலாம். சத்தியம் செய்து சாட்சிக் கூண்டில் ஏறினால் குறுக்கு விசாரணை உண்டு. எதிரிக் கூண்டில் நின்றபடியே சத்தியமில்லாமல் தன் கதையைச் சொன்னால் குறுக்கு விசாரணை இல்லை, ஆனால் அதன் பாரமும் குறைவு. சில பெரிய குற்றங்களில் பொதுமக்கள் 7 பேர் இருந்து குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் யூரியைக் கேட்கும் உரிமை எதிரிக்கு உண்டு. 5 பேராவது ஒருபக்கம் நின்றால்தான் தீர்ப்பு. இப்போது பெரும்பாலும் எல்லோரும் நீதிபதியையே தெரிவு செய்கிறார்கள், யூரி விசாரணை மிக அரிது. சட்டத்தரணி வைக்க வசதியில்லாத எதிரிக்கு மேல் நீதிமன்றம் அரச செலவில் ஒருவரை நியமிக்கும்.

வயல் சண்டைகளில் ஒருவர் இறந்தால் எல்லாமே தூக்குத் தண்டனைக் கொலை ஆகிவிடுவதில்லை. திடீரென்று மூண்ட சண்டை, கடுமையான திடீர்ச் சினமூட்டல் போன்றவற்றைச் சட்டக்கோவை விலக்காக வைத்திருக்கிறது. அப்போது கொலையாகாத குற்றமுறு மனிதப் படுகொலை, 20 வருடம் வரை சிறை. கொலை என்று தீர்ந்தால் மரண தண்டனைதான் தீர்ப்பு. 1976 ஜூனுக்குப் பிறகு இந்த நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை, ஆனாலும் நீதிபதிகள் அந்தத் தீர்ப்பை இன்றும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீதவானின் தீர்ப்புக்கு எதிராக மாகாண மேல் நீதிமன்றத்துக்கும், மேல் நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் 14 நாளுக்குள் போகவேண்டும். பதினைந்தாம் நாள் கட்டுக் கோவையோடு வந்து நின்றவர்கள் இருக்கிறார்கள், அதனால்தான் இந்த எண்ணை எழுதினேன்.

எதிரி சிறுபிள்ளை என்றால் கதை வேறு. 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை செய்தது குற்றமே ஆகாது. 2018 வரை அந்த எல்லை 8 வயதாக இருந்தது.

எல்லாச் சண்டையும் இவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. 1988 ஆம் ஆண்டின் மத்தியஸ்த சபைச் சட்டப்படி சிறு காயம், மிரட்டல் போன்றவை முதலில் ஊரில் இணக்க சபை என்று சொல்லும் அந்த மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடக் கட்டிடத்தில் ஓய்வுபெற்ற அதிபரும் ஊர்ப் பெரியவரும் இருந்து பேசித் தீர்ப்பது பல நேரம் நீதிமன்றத் தீர்ப்பைவிட நீடித்து நிற்கிறது. அதற்கும் முன்னாலேயே, மாடு இறங்கிய உடனே வயல் காரியங்களைப் பார்க்கும் வட்டை விதானையிடம் போயிருந்தால் இது மண்வெட்டி வரைக்கும் வந்திருக்குமா என்றும் நினைக்கிறேன். ஆனால் எலும்பு முறிந்த பிறகு "நாங்கள் சமாதானமாகிவிட்டோம்" என்று இரண்டு குடும்பமும் போய்ச் சொன்னால் மட்டும் வழக்கு தானாக மூடப்படாது. சில குற்றங்களைத்தான் சட்டம் இணங்க விடுகிறது, மற்றவை அரசின் கையில்தான். குறிப்பாகப் பெண்பிள்ளைகள் சம்பந்தப்பட்ட பாலியல் குற்றங்களை ஊர்க்கூட்டத்தில் பேசி முடிக்கும் பழக்கத்துக்கு எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. அதைச் செய்யும் பெரியவர்கள் தாங்களே சட்டச் சிக்கலில் மாட்டலாம்.

வரம்பு யாருடையது, மேய்ச்சல் தரையா வயலா என்ற பிணக்கு இன்னும் உள்ளே புகைந்துகொண்டிருந்தால் அதற்கு வேறு வழி உண்டு. காணிப் பிணக்கால் சமாதானம் குலையும் என்று பொலிஸோ நீங்களோ ஆரம்ப நீதிமன்றத்துக்குத் தகவல் கொடுக்கலாம். 66 ஆம் பிரிவு வழக்கு என்பார்கள். காணி யாருக்குச் சொந்தம் என்று அது தீர்க்காது. இப்போதைக்கு யார் கையில் இருக்கவேண்டும் என்று மட்டும் தீர்க்கும். பலாத்காரமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் போகவேண்டும், இருந்து யோசித்தால் பிந்திவிடும்.

அரச உத்தியோகத்தர் பிழை செய்தால் என்ன? சட்டவிரோதமாகப் பிடித்தல், அடித்தல் போன்றவற்றுக்கு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு போடலாம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அல்லது கல்முனை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. இது குற்ற வழக்கு இல்லை, யாரும் சிறைக்குப் போவதில்லை. 2019 ஏப்ரல் 21 இல் சீயோன் தேவாலயம் உட்பட நடந்த குண்டுத் தாக்குதல்களைத் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா இழப்பீடு கட்டவேண்டும் என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சொன்னது இந்த வழியில்தான். "பிறகு ஏன் அவரை உள்ளே போடவில்லை" என்று அப்போது பலர் என்னிடம் கேட்டார்கள். இரண்டும் இரண்டு பாதை.

இனி உங்கள் மாமாவின் காரியம். அவர் வெறும் சாட்சி என்று முன்னால் சொன்னேன், ஆனால் கை கட்டி இருக்கவேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர் சார்பிலும் ஒரு சட்டத்தரணி நீதிமன்றத்தில் தோன்றலாம், நடவடிக்கைமுறைச் சட்டத்திலேயே அது இருக்கிறது. வசதியில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். வெட்டியவர் நேரிலோ ஆள்விட்டோ "சாட்சி சொல்லாதே" என்று சொன்னால் அன்றைக்கே பொலிஸில் பதியுங்கள். 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க, குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டத்தில் அது தனிக் குற்றம். பிணையை இரத்துச் செய்யக் கேட்பதற்கும் அதுவே நல்ல காரணம். சந்தியில் தேநீர் குடிப்பது காரணமாகாது. அவரோடு வாய் கொடுக்கவும் வேண்டாம். சாட்சி சண்டைக்குப் போனார் என்று எதிர்முறைப்பாடு ஒன்று விழுந்தால், இரண்டு வழக்கையும் பக்கத்தில் வைத்து இரண்டையும் பலவீனமாக்கிவிடுவார்கள்.

வழக்கு நீதவான் நீதிமன்றத்திலேயே முடியுமா மேல் நீதிமன்றம் போகுமா என்பது சட்ட வைத்திய அறிக்கையையும் குற்றத்தின் பெயரையும் பொறுத்தது. அடுத்த தவணையன்று பி அறிக்கை இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வைத்திய அறிக்கை நீதிமன்றத்துக்கு வந்துவிட்டதா என்று பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் சட்டத்தரணி மூலம் கேளுங்கள். வராவிட்டால் பொறுப்பதிகாரியிடம் நினைவூட்டுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. எக்ஸ்ரே படத்தையும் ஆஸ்பத்திரி நோய்க் குறிப்பு அட்டையையும் தொலைத்துவிடாமல் ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு வையுங்கள். மாமாவிடம் அன்றைக்கு என்ன நடந்தது என்று ஆளாளுக்குக் கேட்டு அவருடைய ஞாபகத்தைக் குழப்பாதீர்கள், சாட்சி சொல்லும் நாள் வர இன்னும் நாள் இருக்கிறது.